வெயில் விளையும் சேது சீமையிலே...



தமிழகத்தின் தென்கிழக்கு மூலையிலே, மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் இரு கரைகளாகக் கொண்டு பரந்து கிடக்கிறது இராமநாதபுரம் மாவட்டம். சேதுபதிகள் ஆண்ட சீமை. முத்துக் குளித்த துறைகளும், மரக்கலம் ஓட்டிய மரைக்காயர்களும், மார்க்க மேதைகள் துயிலும் தர்காக்களும் நிறைந்த பூமி. ஆயினும் அரசு அலுவலர்களிடையே இச்சீமைக்கு நெடுநாளாக வழங்கி வரும் பட்டப்பெயர் என்ன தெரியுமா? "தண்ணியில்லாக் காடு" என்பதுதான்!

கண்மாய்கள் ஏராளம், அவற்றில் நீர்தான் அருமை. வயல்கள் உண்டு, மழை பொய்த்தால் அவற்றில் சீமைக் கருவேல மரமே முளைக்கும். இந்த மண்ணில் எந்த ஆண்டும் பஞ்சமின்றிக் கிடைக்கும் ஒரே பொருள் வெயில். அதையும் மக்கள் வீணாக்கவில்லை. வாலிநோக்கத்தின் உப்பளங்களைப் பாருங்கள். கடல் நீரைப் பாத்தியிலே தேக்கி, வெயிலை வேலைக்கு அமர்த்தி, வெள்ளை வெளேரென்று உப்பை வாரி எடுக்கிறார்கள். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளங்களும் அங்கேதான் இருக்கின்றன. கடற்கரை மணலிலே மீனைப் பரப்பிக் கருவாடாக்குவதும் இந்த வெயிலே. பனங்கிழங்கை உலர்த்துவதும், ஓலையைப் பதப்படுத்துவதும் இந்த வெயிலே.

அந்த வெயில் இப்போது மற்றொரு விளைச்சலையும் தரத் தொடங்கியிருக்கிறது. அதுதான் மின்சாரம். அது நம் வீட்டு மொட்டை மாடிக்கும் வருமா? வந்தால் என்ன செலவு, என்ன வரவு? யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்? இந்தக் கேள்விகளோடு கமுதியிலிருந்து கீழக்கரை வரை ஒரு பயணம் போய் வருவோம், வாருங்கள்.

கமுதிக் கரிசலில் ஒரு கண்ணாடிக் கடல்

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குண்டாற்றங்கரையில் அமைந்திருக்கிறது கமுதி. சேதுபதி மன்னர் கட்டிய பழங்கோட்டை ஒன்று ஊருக்கு அருகே இன்றும் உண்டு. சுற்றிலும் கரிசல் நிலம். மிளகாயும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காடு.

இந்தக் கமுதி வட்டாரத்தில்தான் 2016ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையத்தை அதானி குழுமம் கட்டி முடித்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பு. அதில் ஏறத்தாழ 25 இலட்சம் சூரியத் தகடுகள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது இதுதான் என்று பேசப்பட்டது. பின்னர் ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் இராஜஸ்தானத்திலும் எழுந்த பூங்காக்கள் இதனை விஞ்சிவிட்டன என்றாலும், நம் சீமையின் வெயிலுக்கு உலக வரைபடத்தில் ஓர் இடம் கிடைத்தது இதனால்தான்.

தொலைவிலிருந்து பார்க்கும்போது நீல நிறக் கண்மாய் ஒன்று நிரம்பிக் கிடப்பது போலத் தோன்றும். அருகில் சென்றால் வரிசை வரிசையாகத் தகடுகள். அவற்றின் மேல் படியும் தூசியைத் துடைக்க இயந்திரங்களே ஓடுகின்றன. நீரில்லாத சீமையில் 25 இலட்சம் தகடுகளைக் கழுவ நீருக்கு எங்கே போவது? தூசியைத் துடைப்பது ஒரு தனிச் செலவு என்பதை இப்போதே மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள். நம் வீட்டு மாடிக்கு வரும்போது இந்தக் கணக்கு மறுபடியும் வரும்.

கமுதி சொல்லும் பாடம் இன்னொன்றும் உண்டு. 2015இல் இந்த நிலையத்தின் மின்சாரத்தை யூனிட் ஒன்றுக்கு 7 ரூபாய் 1 காசு விலையில் வாங்கத் தமிழ்நாடு மின்வாரியம் ஒப்பந்தம் செய்தது. இரண்டே ஆண்டுகளில், 2017 மே மாதம், இராஜஸ்தானத்தின் பட்லா என்ற இடத்தில் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரம் 2 ரூபாய் 44 காசுக்கு வந்து நின்றது! வெயில் மாறவில்லை, தகட்டின் விலைதான் சரிந்தது. செல்வந்தர்களின் விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்ட சூரியத் தகடு நடுத்தரக் குடும்பத்தின் மாடிக்கு வந்து சேர்ந்ததும் இந்த விலைச் சரிவினால்தான்.

ஆனால் இங்கே விளையும் மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் ஏறி வெளியே போய்விடுகிறது. பக்கத்து ஊர்க்காரரின் மின் கட்டணம் இதனால் ஒரு காசும் குறைவதில்லை. நிலையம் நம் மண்ணில் இருப்பது வேறு. அதன் பயன் நம் வீட்டுக்கு வருவது வேறு.

ஐந்து விளக்குகளின் கதை

கமுதியிலிருந்து முதுகுளத்தூர் வழியாகக் கிழக்கே வாருங்கள். சாலையோரச் சிற்றூர்களில் ஒரே அளவில் கட்டப்பட்ட சிறு வீடுகள் கண்ணில் படும். 2011இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 300 சதுர அடியில் ஒரு வீடு. 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் மதிப்பு. சூரிய ஒளியால் எரியும் ஐந்து விளக்குகள். ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடுகள் என்பது இலக்கு.

மின்வெட்டு நாட்டையே வாட்டிய காலம் அது. ஊர் முழுதும் இருளில் மூழ்கியிருக்க, கூலித் தொழிலாளியின் வீட்டில் விளக்கு எரிவதென்பது சிறிய செய்தியன்று. அந்த வெளிச்சத்தில் பாடம் படித்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஆயினும் விளக்கின் உயிர் தகட்டில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். பழைய வகைப் பேட்டரியோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதை மாற்றும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை இல்லாத இடங்களில் தகடு மாடியில் பளபளத்துக் கொண்டிருக்கும். விளக்கு மட்டும் எரியாது. வாங்கும் நாளின் விலை ஒன்று. வாழ்நாள் முழுவதும் ஆகும் விலை மற்றொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே சூரிய மின்சாரத்தால் பயன் பெறுவார்.

பெண்மக்களின் ஊர்

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிட்டோம். ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது அவர்களின் தர்காவைக் கடந்து இன்னும் சிறிது தூரம் சென்றால், இதோ கீழக்கரை! வள்ளல் சீதக்காதியின் ஊர். மார்க்க மேதை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் வாழ்ந்து அரூஸிய்யா மத்ரஸாவால் அறிவொளி பரப்பிய ஊர். திராவிடக் கட்டடக் கலையின் சாயலோடு கல் தூண்கள் தாங்கி நிற்கும் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலைக் காணப் பல தேசத்தாரும் வருகின்றனர்.

இவ்வூரின் வழக்கம் ஒன்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மகளுக்கு மணம் முடிக்கையில் வீட்டையும் கொடுத்துவிடுவார்கள். மருமகன்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வார். காயல்பட்டினத்திலும் இதே வழக்கம் உண்டு. ஆகவே வீடு பெண்ணுடையது. ஆணின் பிழைப்போ கடலுக்கு அப்பால். ஒரு காலத்தில் இலங்கை, மலேயா. இன்று துபாய், சவூதி, குவைத்து. பணம் அங்கிருந்து வருகிறது. வெயிலும் வெக்கையும் மின் கட்டணமும் இங்கே உம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் சுமக்கிறார்கள்.

சூரிய மின்சாரக் கணக்கில் இதற்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நிறையவே இருக்கிறது! பகல் முழுவதும் ஆள் நடமாட்டம் உள்ள வீடுகள் இவை. நகரத்தில் கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குப் புறப்பட்டால் வீடு மாலை வரை பூட்டிக் கிடக்கும். இங்கே மோட்டார் ஓடுவதும், கிரைண்டரில் மாவு அரைபடுவதும், துணி துவைக்கும் இயந்திரம் சுழல்வதும், மதிய வேளையில் முதியவர் அறையில் குளிர்சாதனம் இயங்குவதும் வெயில் எரியும் நேரத்திலேயே. சூரியத் தகடு உழைக்கும் அதே நேரத்தில் வீடும் மின்சாரத்தைச் செலவழிக்கிறது.

எனவே துபாயிலிருக்கும் மகன், "உம்மா, மாடியில் சோலார் போட்டுவிடலாம், எல்லாரும் போடுகிறார்கள்" என்று தொலைபேசியில் சொல்லும்போது, அது நல்ல யோசனையாகவும் இருக்கலாம். வெறும் ஆசையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கணக்கு ஒன்றுதான்.

மாடியில் நடப்பது என்ன?

சூரியத் தகட்டில் அடுக்கப்பட்டிருப்பவை சிலிக்கன் வில்லைகள். வெயில் அவற்றின் மீது பட்டதும் மின்னோட்டம் பிறக்கிறது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்ட சிலிக்கன் மின்கலம், தன்மீது விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் தகடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன.

தகட்டில் பிறப்பது நேர் மின்னோட்டம். நம் வீட்டுக் கருவிகளுக்கு வேண்டியதோ மாறு மின்னோட்டம். அதை மாற்றித் தருவது இன்வெர்ட்டர். வீட்டுக்குப் போக மீந்த மின்சாரம் தெருக்கம்பிக்குள் சென்றுவிடும். இரவில் அதே கம்பியிலிருந்து நீங்கள் எடுத்துக் கொள்வீர்கள். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இருவழி மீட்டர் கணக்கு வைக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிற்குத்தான் கட்டணம்.

ஒரு கிலோவாட் அமைப்பிற்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். ஆண்டு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் நாளொன்றுக்கு 4 யூனிட் கிடைக்கும். பங்குனி, சித்திரையில் கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குறையும். 3 கிலோவாட் போட்டால் நாளைக்கு 12 யூனிட். இரண்டு மாதத்திற்கு ஏறத்தாழ 700 யூனிட்.

இரண்டு வீடுகள், இரண்டு கணக்குகள்

இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக் கொள்வோம். இவை எடுத்துக்காட்டுக்காகச் சொல்பவை. உங்கள் வீட்டு எண்களைப் போட்டு நீங்களே சரிபாருங்கள்.

முதல் வீட்டில் இரண்டு குளிர்சாதனங்கள், மோட்டார், குளிர்பதனப் பெட்டி. இரண்டு மாதத்திற்கு 900 யூனிட் செலவாகிறது. தமிழகத்தில் மின் கட்டணம் படிப்படியாக உயரும் அடுக்கு முறை என்பது நீங்கள் அறிந்ததே. 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தில், முதல் 100 யூனிட் இலவசம் போக, 400 யூனிட் வரை 4 ரூபாய் 80 காசு, பின்னர் 6.45, 8.55, 9.65, 10.70 என்று ஏறி, 1,000 யூனிட்டிற்கு மேல் 11 ரூபாய் 80 காசில் போய் நிற்கும். இந்த விகிதப்படி 900 யூனிட்டிற்கு 5,940 ரூபாய் ஆகும்.

இந்த வீட்டில் 3 கிலோவாட் அமைத்தால் 700 யூனிட் கழிந்து 200 யூனிட்டிற்கே கட்டணம் வரும். அது சில நூறு ரூபாய். தகடு முதலில் கழிப்பது எதை என்று கவனித்தீர்களா? விலை உயர்ந்த மேல் அடுக்குகளைத்தான். 2021இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏற்படுத்திய வலையமைப்புக் கட்டணம் போன்றவற்றையும் விசாரித்துக் கழித்துக் கொண்டால், ஆண்டுக்கு 25 ஆயிரம் முதல் 30 ஆயிரம் ரூபாய் வரை மிச்சமாகும் என்று கொள்ளலாம்.

செலவு எவ்வளவு? 3 கிலோவாட் அமைப்பு 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய "பிரதமரின் சூரிய வீடு" திட்டம் வகுத்த மானியம் 1 கிலோவாட்டிற்கு 30 ஆயிரம், 2 கிலோவாட்டிற்கு 60 ஆயிரம், 3 கிலோவாட்டிற்கும் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய். அது போகக் கைச்செலவு ஒரு இலட்சத்து 2 ஆயிரம். நான்கு ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். பிறகு இருபது ஆண்டுகள் வெயில் உங்களுக்கு உழைக்கும். இடையில் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இன்வெர்ட்டரை ஒரு முறை மாற்ற நேரும். அதற்கு ஒரு தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

இனி இரண்டாவது வீடு. நான்கு விளக்கு, மூன்று மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி. இரண்டு மாதத்திற்கு 200 யூனிட். இதில் 100 யூனிட் 2016 மே மாத அரசாணையின் பயனாகக் கிடைத்த இலவசம். மீதி 100 யூனிட்டிற்கு அதே விகிதத்தில் மிகுதியாகப் போனாலும் 480 ரூபாய்தான். ஆண்டுக்கு 2,880 ரூபாய். இந்த வீட்டில் 1 கிலோவாட் அமைக்க மானியம் போக 40 ஆயிரம் ரூபாய் ஆனால், முதல் திரும்பப் பதினான்கு ஆண்டுகள் ஆகும்! அதற்குள் இன்வெர்ட்டரும் பழுதாகும். "எல்லாரும் போடுகிறார்கள்" என்பதற்காக இந்த வீட்டுக்காரர் நகையை விற்றுத் தகடு போட்டால், அது சிக்கனம் அன்று. இஸ்ராஃப் என்னும் வீண்விரயமே.

ஆகவே, வெயில் எல்லார் மாடியிலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. ஆனால் அதன் இலாபம் ஒன்றுபோல விழுவதில்லை. இரண்டு மாதத்திற்கு 500 யூனிட்டிற்கு மேல் எரிக்கும் வீட்டுக்கே இது நல்ல முதலீடு. அதற்கும் கீழே இருப்பவர்கள் பழைய மின்விசிறியையும் விளக்கையும் சிக்கனமானவையாக மாற்றினாலே போதும். சில ஆயிரம் ரூபாயில் அதைவிட அதிகப் பயன் கிட்டும்.

குடும்பம் முழுவதும் வெளிநாட்டில் இருந்து, வீடு பூட்டியே கிடப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். மிச்சப்பட்டுத் தெருக்கம்பிக்குப் போகும் யூனிட்டிற்கு, மேல் அடுக்கில் நீங்கள் கொடுக்கும் விலை கிடைக்காது.

விற்பவர் சொல்லாமல் விடுபவை

முதலாவது, மின்வெட்டு. மாடியில் தகடு இருந்தால் ஊரில் கரண்ட் போனாலும் நம் வீட்டில் எரியும் என்று பலர் எண்ணுகின்றனர். பேட்டரி இல்லாத அமைப்பில் அது நடக்காது. தெருக்கம்பியில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிர் காக்கவே இந்த ஏற்பாடு. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பகுதிகளைச் சிதைத்தபோது பல ஊர்களில் நாள் கணக்கில், வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய வேளையில் பேட்டரி இல்லாத மாடித் தகடு உதவாது. மின்வெட்டுத்தான் உங்கள் கவலை என்றால் பேட்டரியோடு கூடிய அமைப்பைக் கேளுங்கள். அதற்கேற்ப விலையும் ஏறும், கணக்கும் மாறும்.

இரண்டாவது, உப்புக் காற்று. கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பி எத்தனை ஆண்டு தாங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தகட்டைத் தாங்கும் சட்டம் நன்கு துத்தநாகப் பூச்சுப் பெற்றதாக இருக்க வேண்டும்; போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவையாக இருக்க வேண்டும். இதில் மிச்சம் பிடித்தால் புயல் காற்றில் தகடு பறக்கும். பக்கத்து வீட்டு மாடியில் போய் விழும்.

மூன்றாவது, வெப்பம். தகட்டுக்கு வேண்டியது ஒளி, சூடு அன்று. 25 பாகை வெப்பத்திற்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் அதன் உற்பத்தி ஏறத்தாழ 0.35 முதல் 0.4 விழுக்காடு குறையும். கோடை நண்பகலில் தகடு 65 பாகை வரை சூடேறினால் 14 முதல் 16 விழுக்காடு போய்விடும். தளத்தோடு ஒட்டிப் பொருத்தாமல், அடியில் காற்று புகுந்து செல்ல இடம் விடுவது நல்லது.

நான்காவது, தூசியும் நிழலும். கமுதியில் பார்த்த துடைக்கும் இயந்திரம் நம் மாடிக்கு வராது. இரண்டு வாரத்திற்கு ஒரு முறையாவது அதிகாலையில் தகடு குளிர்ந்திருக்கும்போது உப்பில்லாத நீரால் கழுவ வேண்டும். ஆழ்குழாயின் உவர்நீரால் கழுவினால் வெள்ளைப் படலம் படிந்து ஒளியை மறைக்கும். நல்ல நீரை விலைக்கு வாங்கும் ஊர்களில் இதுவும் ஒரு செலவே. மேலும், மாடியில் ஏறுவது யார்? பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் பராமரிப்புக்கு அயலார் வந்து போவதை எந்த நாளில், யார் இருக்கும்போது வைத்துக் கொள்வது என்பதை ஒப்பந்தத்திலேயே பேசி எழுதிக் கொள்ளுங்கள். நாளைக்குப் பக்கத்து வீட்டார் ஒரு மாடி உயர்த்தினால் உங்கள் தகட்டின்மேல் நிழல் விழும். நெருக்கமாக வீடுகள் அமைந்த தெருக்களில் அண்டை வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுச் செய்வது உரிமையும் ஆகும், உறவும் ஆகும்.

ஐந்தாவது, பெயர். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? பாட்டனார் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியும் அட்டையில் அவர் பெயரே இருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! மானியத்திற்கு விண்ணப்பிக்குமுன் இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டும். மொட்டை மாடி பாகம் பிரிக்கப்படாத பல வாரிசுகளுக்கு உரியது என்றால், அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுங்கள். ஃபராயிழ் முறைப்படி செய்ய வேண்டிய பாகப் பிரிவினையைத் தள்ளிப் போட்டுக் கொண்டே இருப்பதன் கேடு இப்படி மாடியில் வந்தும் நிற்கும்.

வட்டியில்லாமல் வெயில்

மானியம் முதலிலேயே கைக்கு வருவதில்லை. முழுத் தொகையையும் செலுத்தி, அமைப்பைப் பொருத்தி, மின்வாரியம் சோதித்து இணைத்த பின்னரே வங்கிக் கணக்கில் சேரும். அரசு அங்கீகரித்த நிறுவனத்திடம் வாங்க வேண்டும். தகட்டின் மின்கலங்கள் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. ஆக, 1 இலட்சத்து 80 ஆயிரத்தையும் முதலில் புரட்ட வேண்டும். "வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறது, மாதத் தவணை மின் கட்டணத்தைவிடக் குறைவு" என்று விற்பவர்கள் இங்கேதான் ஆசை காட்டுவார்கள்.

வட்டியிலிருந்து விலகி நிற்க விரும்பும் நம் குடும்பங்களுக்கு இது பெரிய தடை. ஆனால் வழியில்லாத தடையன்று. முதலில், இரண்டு கிலோவாட்டோடு தொடங்கிப் பின்னர் கூட்டிக் கொள்ளலாம். அதற்கேற்ற இன்வெர்ட்டராக வாங்க வேண்டும், மானியம் எவ்வாறு கணக்கிடப்படும் என்பதையும் முன்பே கேட்டறிய வேண்டும். இரண்டாவது, உடன்பிறந்தோர் கூடித் தொகை சேர்க்கலாம். மூன்றாவது, ஜமாஅத்துகளும் ஊர் நலச் சங்கங்களும் முன்வந்தால், "கர்ழன் ஹஸனா" எனும் அழகிய கடனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஏனெனில் இந்தக் கடன் தன்னைத் தானே அடைத்துக் கொள்ளும். முதல் வீட்டுக்காரருக்கு ஒரு இலட்சத்து 80 ஆயிரம் கடன் கொடுத்தால், 78 ஆயிரம் மானியமாக வந்தவுடன் திரும்பிவிடும். மீதி ஒரு இலட்சத்து 2 ஆயிரத்தை, மிச்சமாகும் மின் கட்டணத்திலிருந்தே இரண்டு மாதத்திற்கு 4 ஆயிரத்து 250 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளில் செலுத்திவிடலாம். திரும்பிய தொகை அடுத்த வீட்டுக்குப் போகும். வள்ளல் சீதக்காதியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நமக்கு, கொடுத்துத் திரும்பப் பெறும் இந்தச் சிறு வள்ளன்மை இயலாத காரியமா?

இரண்டாவது வீட்டுக்காரரை மறந்துவிடலாமா? கூடாது. அவருடைய சிறு கூரையில் தகடு போடுவதால் அவருக்குப் பயன் இல்லை. ஆனால் பகலில் தொழுகைக்கும் மத்ரஸாவுக்கும் மின்சாரம் செலவாகும் பள்ளிவாசலின் பரந்த மாடி இருக்கிறது. அங்கே அமைக்கும் தகட்டால் மிச்சமாகும் தொகை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கோ, எளிய வீடுகளுக்குச் சிக்கனமான மின்விசிறி வாங்கவோ போனால், வெயிலின் இலாபத்தில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்துவிடும். வீடுகளுக்கான மானியமும் கட்டணமும் அங்கே பொருந்தா என்பதால், அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

கதிரவனும் நம் கடிகாரமும்

சகோதர சகோதரிகளே! சூரியனின் பெயரிலேயே ஓர் அத்தியாயம், "அஷ்ஷம்ஸ்", திருமறையின் 91ஆவது அத்தியாயமாக அமைந்திருக்கிறது. உச்சி சாய்ந்தால் லுஹர், நிழல் நீண்டால் அஸர், கதிர் மறைந்தால் மஃரிப் என்று நம் நாளையே சூரியனைக் கொண்டு அளப்பவர்கள் நாம். அந்த ஒளியிலிருந்து வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக் கொள்வது அல்லாஹ்வின் அருட்கொடையைப் பயன்படுத்துவதேயன்றி வேறில்லை. மேலும், நிலக்கரியால் செய்யும் மின்சாரத்தின் புகையில் ஒரு பங்கையேனும் இது குறைக்கும். இதே கடற்கரையில் 1979 முதல் தூத்துக்குடி அனல் மின் நிலையம் எரித்த கரியின் சாம்பலை அப்பகுதி மக்கள் அறிவார்கள். நாட்டின் மின்சாரத்தில் யூனிட் ஒன்றுக்குச் சராசரியாக முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு வெளியாகிறது. 3 கிலோவாட் மாடி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ மூன்று டன்னைத் தவிர்க்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. "சோலார் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை" என்று மூன்றாவது குளிர்சாதனத்தையும் வாங்கி இரவு பகலாக ஓடவிட்டால், மிச்சமெல்லாம் கரைந்து போகும். ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்ற பண்பாட்டில் வளர்ந்தவர்கள் நாம். மாடியில் விளையும் மின்சாரத்திற்கும் அது பொருந்தும்.

ஆகவே, வெளிநாட்டில் இருக்கும் தகப்பன்மாரே, பிள்ளைகளே! பணம் அனுப்புமுன் வீட்டிலிருக்கும் உம்மாவிடமோ மனைவியிடமோ சென்ற ஓராண்டின் ஆறு மின் கட்டண இரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருக்கும் தாய்மாரே! மாடியில் காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மாலை மூன்று மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்த ஆறு இரசீதுகளையும் அந்த ஒரு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் விற்பனையாளரை வீட்டுக்குள் விடுங்கள். இரசீது 500 யூனிட்டைத் தாண்டி, மாடி நிழலின்றி இருந்தால், பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். இல்லையெனில் அந்தப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்கு வைத்துக் கொள்ளுங்கள். வெயில் எங்கும் போய்விடாது. நம் சேது சீமையில் அது நாளைக்கும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்!